அடுப்படியில நின்னா அது சானா இல்ல

அன்புள்ள ஆச்சிக்கு,

நான் பள்ளத்தூர் பக்கம், வயசு 34, பேர் வேண்டாம். ரெண்டு வருஷமா டிப்ரஷனுக்கு மாத்திரை எடுக்கிறேன். வீட்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுறதில்ல. போன நவம்பர்ல ஆபீஸ் வேலையா ஃபின்லாந்து போயிருந்தேன், தாம்பெரேங்கிற ஊரு. அங்க ரயாபோர்த்தின்னு 1906-லேருந்து நடக்கிற பொது சானாவுக்கு, அதாவது சூடேத்தின ரூமுல உக்காந்து வேர்க்க விடுற எடத்துக்கு, கூட வேலை பாக்குறவங்க கூட்டிட்டுப் போனாங்க. அன்னைக்கு ராத்திரி தூங்கின மாதிரி ரெண்டு வருஷத்துல நான் தூங்கினதில்ல. இப்ப எங்க வீட்ல ரெண்டாங்கட்டுல நெல்லு கொட்டி வச்சிருந்த ரூம் சும்மா கெடக்கு, அதை சானாவா மாத்த கொட்டேஷன் வாங்கிட்டேன், மூணே முக்கால் லட்சம். அப்பச்சி 'மே மாசம் மொட்டை மாடியில போயி உக்காரு'ங்கிறாக. ஆத்தா 'அடுப்படியில வந்து நில்லு, காசில்லாத சானா'ங்கிறாக. நெசமாவே சூடு மனசுக்கு நல்லதா ஆச்சி? இன்ஃப்ராரெட் வாங்கவா, விறகு அடுப்பா? தினமும் உக்காந்தா மாத்திரையை விட்டுடலாமா?

*

தம்பி,

என் மகனைவிட ரெண்டு வயசுதான் மூத்தவன், அதனால நீன்னே எழுதுறேன். கடிதம் வந்து பதினோரு நாளாச்சு. உடனே எழுத முடியாததுக்குக் காரணம் உன் கேள்வி இல்ல, உங்க ஆத்தா சொன்ன அந்த ஒரு வரி. அதைப் படிச்சதுலேருந்து அடுப்படிக்குள்ள நுழையிறப்பல்லாம் அதுதான் காதுல கேக்குது.

மொதல்ல மாத்திரை. விடக்கூடாது. ஒரு ராத்திரி நல்லாத் தூங்கிட்டேன்னு ரெண்டு வருஷ வைத்தியத்தைத் தூக்கிப் போடுவியா, படிச்சவன்தானே நீ? என்ன மாத்திரைன்னுகூட எழுதல. லித்தியமா இருந்தா, வேர்த்துக் கொட்டி உடம்புல தண்ணியும் உப்பும் கொறையக் கொறைய ரத்தத்துல மருந்து ஏறிப்போயி விஷமாயிடும். வேற சில மாத்திரை இருக்கு, வேர்வையையே வரவிடாது, சூடு உள்ளயே நிக்கும். கொட்டேஷன் குடுத்தவன் இதெல்லாம் அதுல எழுத மாட்டான். டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறமா ரூமை இடி. இன்ஃப்ராரெட்டா விறகாங்கறதை எங்கிட்ட கேக்காத, எனக்கு கேஸ் அடுப்புல ரெகுலேட்டர் மாத்தத் தெரியும், அவ்வளவுதான்.

நல்லதான்னு கேட்டியே, நல்லதுன்னுதான் தோணுது. 2016-ல அமெரிக்காவுல, விஸ்கான்சின்ல நடந்த ஆராய்ச்சி ஒண்ணு வெளிவந்துச்சு. டிப்ரஷன் உள்ள 30 பேர்ல பாதிப் பேரை கூடாரம் மாதிரி ஒண்ணுக்குள்ள படுக்க வச்சு உடம்புச் சூட்டை 38.5 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஏத்தியிருக்காங்க. மீதிப் பேருக்கு லைட்டு, ஃபேனு எல்லாம் ஓடவிட்டு லேசா சூடு காட்டி ஏமாத்தினாங்க, அதுலயும் பெரும்பாலானவங்க நெசம்னே நம்பிட்டாங்க. ஒரே ஒரு தடவைதான், ஆனா ஆறு வாரம் கழிச்சும் நெசச் சூடு வாங்கினவங்களுக்கு மனசு பாரம் கொறைவாவே இருந்திருக்கு. சரி, ஆனா 30 பேர் தம்பி, நம்ம ஊர் படைப்பு வீட்ல ஒரு பந்திக்குக்கூடக் காணாது. அதை வச்சு ஊரையே வேக வைக்க முடியாது.

அந்தக் கூடாரத்துல உடம்பு உள்ள, தலை வெளிய. நம்ம வேதுல, அதான் போர்வையைப் போத்தி ஆவி பிடிக்கிறதுல, தலை உள்ள, உடம்பு வெளிய. எனக்கு இது ரொம்ப நேரம் சிரிப்பா இருந்துச்சு. இன்னொண்ணு, சானாவுல சூடான கல்லு மேல தண்ணி ஊத்துனா எழும்புற ஆவிக்கு ஃபின்லாந்துக்காரங்க ஒரு பேர் வச்சிருக்காங்க, லொய்லுன்னு. அந்தச் சொல்லுக்குப் பழைய காலத்துல உயிருன்னுதான் அர்த்தமாம். நமக்கும் ஆவின்னா ரெண்டும்தானே? அம்பத்தஞ்சு லட்சம் பேர் இருக்கிற நாட்டுல முப்பது லட்சம் சானா வச்சிருக்கிறவங்களுக்கும் நமக்கும் இது எப்படி ஒத்துப்போச்சோ.

சரி, உங்க ஆத்தா விஷயம்.

அடுப்படியில நிக்கிறது சானா இல்ல, ஏன் இல்லைங்கறதுலதான் உன் கேள்விக்குப் பதிலும் இருக்கு. ஃபின்லாந்து சானாவுல 80, 90 டிகிரின்னாலும் பத்து பதினஞ்சு நிமிஷம்தான், போதும்னு தோணினதும் கதவைத் தள்ளிட்டு வெளிய வந்துடலாம், வெளிய ஏரி இருக்கு, பனி இருக்கு, பேசாம பக்கத்துல உக்கார ஆள் இருக்கு. ஏறின சூடு தோல் வழியா எறங்கி உடம்பு குளுந்தாதான் தூக்கம் வரும், உனக்கு அன்னைக்கு வந்ததும் அந்தத் தூக்கம்தான். உங்க ஆத்தாவுக்கு எந்தக் கதவு? காலையில அஞ்சரைக்குப் பத்த வச்சா பணியாரம், அதை எறக்கினா மதியக் குழம்பு, அதுக்கு நடுவுல உங்க அப்பச்சிக்கு மோர், சாயங்காலம் யாராவது வந்துட்டா கந்தரப்பம், வேர்வை துடைக்க முந்தானை, அதுவும் எண்ணெய் முந்தானை. சூடே மனசை ஆத்தும்னா இந்த ஊர் ஆச்சிமாரும், கல்யாண வீட்டு அடுப்புல நிக்கிற மாஸ்டருங்களும்தான் உலகத்துலயே சாந்தமான ஆளுகளா இருக்கணும். எண்ணெய்ச் சட்டிகிட்ட நிக்கிற மாஸ்டர்கிட்ட போயி ரெண்டாவது வடை கேட்டுப் பாரு, தெரியும். அப்பச்சியோட மொட்டை மாடியும் இதேதான், சித்திரை ராத்திரி கரண்டும் போயிட்டா சூடு எறங்க வழியே இல்ல, அதுல தூக்கம் கெட்டு மனசும் கெட்டவங்க எத்தனை பேர். நீயா உள்ள போயி நீயா வெளிய வர்ற சூடு வேற, உன்னைப் பிடிச்சு வச்சிருக்கிற சூடு வேற. ஆத்தா சொன்னதைக் கேட்டு நீ சிரிச்சிருப்பே. நான் சிரிக்கல.

எனக்கும் ஒரு காலம் வெந்நி வைத்தியம் நடந்துச்சு. 1993, இந்த மகன் பொறந்த சமயம், தாய்வீட்ல இருந்தேன். பிள்ளையைத் தூக்கப் பிடிக்கல, பால் குடுக்கிறப்ப அழுகை வரும், எதுக்குன்னு தெரியாது. வீட்ல 'பச்ச உடம்பு, நாலு வேது பிடிச்சா, நாப்பது நாள் வெந்நி ஊத்துனா சரியாப்போயிரும்'னாக. தண்ணி ஊத்த ஒரு கிழவி வரும், விடியுமுன்னயே கிணத்தடியில மூணு கல்லு கூட்டி, செப்பு அண்டாவுல நொச்சியும் வேப்பிலையும் புளிய இலையும் போட்டுக் கொதிக்க விட்டிருக்கும். இடுப்புல ஓங்கி ஊத்துறப்ப உசிரு போயி உசிரு வரும், ஆனா பொய் சொல்லக் கூடாது, ஊத்தி முடிச்சு சாம்பிராணி போட்டுப் படுத்தா ஒரு மணி நேரம் உலகமே லேசா இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மறுநாள் எந்திரிச்சேன்.

ஒருநாள் நான் துண்டைக் கட்டிக்கிட்டு கிணத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். கிழவி பாத்துச்சு, ஒண்ணும் கேக்கல. மறுநாள் வந்தா நான் உக்கார்ற பலகை சுவத்துப் பக்கமாத் திரும்பிக் கெடக்கு. எனக்கும் கிணத்துக்கும் நடுவுல அது நின்னுதான் ஊத்துச்சு, கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான். அன்னைக்கு சாயங்காலமே எங்காத்தாகிட்ட சொல்லியிருக்கு, 'இது வெந்நிக்கு அடங்குற சங்கதி இல்ல ஆச்சி, மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி பெரிய டாக்டரைப் பாருங்க'ன்னு. நாப்பது வருஷமா வெந்நி ஊத்துற கைக்கு வெந்நி எதுவரைக்கும் போகும்னு தெரிஞ்சிருந்துச்சு. வீட்ல யாரும் கேக்கல, கண்ணேறுன்னு மிளகா சுத்திப் போட்டாக. மதுரைக்குப் போக ஏழு மாசம் ஆச்சு. அந்த ஏழு மாசத்தை இன்னைக்கும் என்னால மன்னிக்க முடியல. மாத்திரையை விட்டுடலாமான்னு நீ எழுதினதும் எனக்கு வந்த கோவம் உன்மேல இல்ல, அந்த ஏழு மாசத்து மேல.

வீட்ல யாரும் பேசுறதில்லன்னு எழுதியிருக்கே. நீ பேசு, மொதல்ல ஆத்தாகிட்ட.

சானா கட்டு, வேண்டாங்கல. கதவு வெளிப்பக்கமாத் தொறக்கணும், உள்ள தாழ்ப்பாள் வைக்காத. தனியாப் போகாத, தண்ணி நெறையக் குடி, பீரைக் குடிச்சுட்டு உள்ள போகாத. மயக்கமா வந்தா எத்தனை நிமிஷம்னு கணக்குப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காம வெளிய வந்துரு. வேலைக்கு ஆள் வர்ற அன்னைக்கே எலக்ட்ரீஷியனை அடுப்படிக்கும் கூட்டிட்டுப் போயி பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு மாட்டச் சொல்லு. எவ்வளவு ஆச்சுன்னு எனக்கு எழுது, அந்த மூணே முக்கால் லட்சத்துல அது எத்தனை பங்குன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்.