இதய பம்பும் கணினியில் ஓடும் ரத்தமும்: கேள்வி பதில்

கேள்வி: ரத்தம் செல்கள் மிதக்கும் குழம்பு. அதைத் தண்ணீர் மாதிரி கணக்குப் போடுவது சரியா?

பலவீனமான இதயத்துக்கு உதவப் பொருத்தும் பம்பைக் கணினியில் சிமுலேஷன் செய்யும்போது, பம்புக்குள் அது பெரும்பாலும் சரிதான். ஓட்டம் மந்தமானால் சிவப்பணுக்கள் நாணய அடுக்குபோல ஒட்டிக்கொண்டு ரத்தம் கெட்டிப்படும். வேகத்தில் அடுக்கு கலைந்துவிடும். பாகுநிலை (ஓட்டத்தை எதிர்க்கும் கெட்டித்தன்மை) சுமார் 3.5 மில்லிபாஸ்கல் விநாடியில் நிலைத்துவிடும். பெருநாடி வால்வு திறக்காமல் அதன் மேலே ரத்தம் தேங்கும்போதுதான் இந்தக் கணக்கு காலை வாரும்.

கேள்வி: சிவப்பணு எவ்வளவு உடையும் என்று சிமுலேஷன் சொல்லிவிடுமா?

எல்லாரும் கேட்பது இதைத்தான். 1990-இல் வந்த ஒரு சூத்திரத்தை இன்னும் புழங்குகிறோம்: சேதம், ஷியர் தகைவின் (ரத்த அடுக்குகள் ஒன்றையொன்று உரசி இழுக்கும் விசையின்) 2.416 அடுக்குக்கும் நேரத்தின் 0.785 அடுக்குக்கும் ஏற்பக் கூடும். தகைவு இரு மடங்கானால் சேதம் ஐந்து மடங்குக்கு மேல். நேரம் இரு மடங்கானால் இரண்டு மடங்குகூட இல்லை. பம்பின் சுழலும் பாகமான சுழலியின் விளிம்புக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடுக்கில் மெஷ்ஷை (கணக்குக்காக இடத்தைப் பிரிக்கும் கட்டங்களை) கொஞ்சம் நெருக்கினாலே விடை மாறிவிடும். அதனால், ‘இந்த வடிவம் அதைவிடத் தேவலை’ என்று சொல்ல மட்டும் இதை நம்புவேன். ‘இத்தனை மில்லிகிராம் ஹீமோகுளோபின் கசியும்’ என்று யாராவது சொன்னால், ரத்தம் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் வேகம், அழுத்தமெல்லாமாவது சரியாக வருமா?

பம்பின் மொத்த அழுத்தம் நன்றாகவே வரும். உள்ளே எட்டிப் பார்த்தால்தான் சிக்கல். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்டிஏ, 12 மி.மீ குழாய் 4 மி.மீ கழுத்தாக ஒடுங்கும் சாதாரண வடிவத்தைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னது. 28 குழுக்கள் போட்டன. கழுத்தைத் தாண்டி ஜெட் விரியும் இடத்தில் விடைகள் ஆளுக்கொரு பக்கம் போயின. சுழலியே இல்லாத குழாயில் இந்தக் கதை!

கேள்வி: ஹார்ட்மேட் 3 என்ற இதய பம்ப் ஏன் 2 விநாடிக்கு ஒருமுறை வேகத்தை மாற்றுகிறது?

ஒரே சீராகச் சுழன்றால் சில மூலைகளில் ரத்தம் நின்றுவிடும். உறைகட்டி அங்கேதான் பிடிக்கும். வேகம் குறைந்து ஏறும்போது மூலைகள் அலசப்படுகின்றன. சிமுலேஷன் செய்பவர்கள் சுழலியை ஒரே நிலையில் உறைய வைத்துக் கணக்குப் போட்டால் இந்த அலசல் தெரியவே தெரியாது.

கேள்வி: அப்பாவுக்குப் பம்ப் பொருத்தியிருக்கிறார்கள். வேகத்தைக் கணினியில் கண்டுபிடிக்கலாமா?

வேண்டாம், மருத்துவர் எக்கோ பார்த்து வைத்ததுதான் கணக்கு. கீழறைகளின் நடுச்சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது, வால்வு திறக்கிறதா என்பதை அவர் நேரில் பார்க்கிறார். என் மாடலுக்கு அதையெல்லாம் நான்தான் ஊட்ட வேண்டும்.