நியூயார்க் வெயிலுக்குப் பந்தயம்

கேள்வி: நியூயார்க்கில் இன்றைய அதிகபட்ச வெப்பம் எவ்வளவு என்று கால்ஷி என்ற அமெரிக்கக் கணிப்புச் சந்தையில் பணம் கட்டுகிறார்களாம். என் மகன் போனில் வானிலை ஆப்பைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறான். அதை நம்பலாமா ஐயா?
— ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அதை மட்டும் நம்பினால் பணம் போய்விடும் அம்மா. ஆப் காட்டுவது பொதுவான மதிப்பீடு. தீர்ப்பு சொல்வதோ நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் இருக்கும் ஒரே வானிலை நிலையம், அதை வைத்து அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை வெளியிடும் தினசரி அறிக்கை. நம் டர்பனையே பாருங்கள், மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று அனலாக வீசும் நாளில் கடல்காற்று திரும்பியதும் சூடு மளமளவென்று இறங்கிவிடும், கடற்கரையிலும் சாட்ஸ்வர்த்திலும் ஒரே வெயிலா அடிக்கிறது?

டிகிரியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த நிலையத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அளவு முழு செல்சியஸாக்கப்பட்டு வருகிறது, அதனால் திரையில் 28 என்று தெரிந்தால் உண்மையில் 82 ஃபாரன்ஹீட்டாகவும் இருக்கலாம், 83 ஆகவும் இருக்கலாம், அந்த ஒரு டிகிரியே பந்தயத்தைப் புரட்டிவிடலாம்! அப்புறம், கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினாலும் அறிக்கை பழைய நேரத்தையே பிடித்துக்கொள்ளும். அதன் நாள் இரவு 1 மணிக்குத்தான் தொடங்கும். குளிர்காற்று நுழையும் நாளில் உச்ச வெப்பம் மதியம் வராமல் அந்த நடுராத்திரியிலேயே பதிவாகிவிடுவதும் உண்டு.

பையனுக்கு ஆர்வம் இருக்கிறது, நல்லதுதான். ஒரு பருவம் முழுக்கத் தன் கணிப்பை நோட்டில் எழுதி அந்த அறிக்கையோடு ஒப்பிடட்டும். அதுவரை காசைத் தொட வேண்டாம்.