பிக்கப்பில் கேம்பர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் இருப்பது டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) மிட்சைஸ் பிக்கப். ஏற்றக்கூடிய எடை 750 கிலோ. பார்த்து வைத்திருக்கும் கேம்பரின் (பிக்கப்பின் பின்பக்கத்தில் ஏற்றி வைத்து, உள்ளேயே தங்கிப் பயணம் போகும் கூண்டு) காலி எடை 420 கிலோ. மீதி 330 கிலோ இருக்கிறதே, நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தாராளமாகப் போய்வரலாம்தானே?

பதில்: போக முடியாது, கணக்குப் போட்டால் நீங்களே பார்ப்பீர்கள். காலி எடை என்று விற்பவர் சொல்வது பெரும்பாலும் தண்ணீர், கேஸ், பேட்டரி எதுவும் இல்லாத எடை, சில சமயம் மேல்பந்தல் மாதிரி தனியாகச் சேர்க்கும் சாமான்கள்கூட அதில் வராது. 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ. ஈய பேட்டரி ஒன்று 30 கிலோ பக்கம். கேஸ் சிலிண்டர் 15, பந்தல் 20, படுக்கை, பாத்திரம், துணிமணி, சாப்பாட்டுச் சாமான், நாற்காலி, டூல்ஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு சிக்கனமாகப் பார்த்தாலும் 80. இதோடு நீங்கள் நான்கு பேர், பிள்ளைகள் சின்னவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் 190 கிலோ. மொத்தம் 835 ஆகிறது. வண்டிக்கு முன்னால் இரும்பு பம்பரோ வின்ச்சோ (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பி வடச் சுருள்) மாட்டியிருந்தால் அதுவும் இந்த 750-க்குள்தான் அடங்க வேண்டும்.

தண்ணீரைப் பாதி நிரப்பி, பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றினால் 60 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமாகும், அப்போதும் எல்லைக்கு மேலேதான் இருப்பீர்கள். அதனால் நேரடியாகவே சொல்கிறேன், இந்தக் கேம்பர் உங்கள் வண்டிக்கு வேண்டாம். மேல்பாகம் மடங்கி எழும்புகிற, 300 கிலோவை ஒட்டிய மாடலைத் தேடுங்கள். வாங்கும் முன்பே இன்னொரு வேலையும் செய்துவிடுங்கள்: டேங்க் நிறைய டீசல் போட்டு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எடை மேடைக்குப் போய் முன் ஆக்சில் (சக்கர அச்சு), பின் ஆக்சில், மொத்தம் என்று மூன்று எடையும் எடுங்கள். வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து அந்த மொத்தத்தைக் கழித்தால் வருவதுதான் கேம்பருக்கும் சாமானுக்கும் உண்மையில் மிச்சம் இருப்பது. புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பிக் கேம்பருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டியின் வெற்று எடையில் ஓட்டுநரைச் சேர்ப்பதா இல்லையா என்பதே நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

கேள்வி: பின்னால் ஏர் ஸ்பிரிங் (காற்று அடைத்த பை மாதிரியான ஸ்பிரிங்) போட்டால் கூடுதல் எடை தாங்கும் என்கிறார்களே?

பதில்: தாங்காது. இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனை நல்ல வண்டிகள் வீணாகின்றன என்று நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஏர் ஸ்பிரிங் செய்வது தாழ்ந்த பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துவது, அவ்வளவுதான். ஆக்சிலின் வரம்பு, பிரேக், டயர், சேஸிஸ் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன, வண்டி மட்டம் பார்க்க ஒழுங்காகத் தெரிவதால் எடை கூடியதே நமக்குத் தெரியாமல் போகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் சேஸிஸ் வளைவது. பட்டை ஸ்பிரிங் தன் இரண்டு முனைகளில், அதாவது ஆக்சிலுக்கு முன்னால் ஒரு இடம் பின்னால் ஒரு இடம் என்று பாரத்தைச் சேஸிஸில் பிரித்துக் கொடுக்கிறது. ஏர் ஸ்பிரிங்கை நடுவில், ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்ததும் பாரத்தின் ஒரு பெரிய பங்கு அந்த ஒரே புள்ளியில் வந்து விழுகிறது. டபுள் கேப்பில் லோடு பாடி குட்டையாக இருப்பதால் கேம்பரின் வால் பின் ஆக்சிலைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருக்கும், குழி மேட்டில் அந்த வால் ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் சேஸிஸ் அந்தப் புள்ளியில் மடியப் பார்க்கும். கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலே விரிந்து கீழே குறுகியிருந்தால் சேஸிஸ் வளைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பாரம் எங்கே உட்காருகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்கு. இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 3.1 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால் பின் ஆக்சிலில் ஏறுவது 139 கிலோ, முன் ஆக்சிலிலிருந்து 39 கிலோ குறைந்துபோகும். முன்சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிப்பை இழக்கும். ஆகவே கேம்பரின் எடை மையம் பின் ஆக்சிலுக்கு நேராகவோ கொஞ்சம் முன்னாலோ வர வேண்டும். தண்ணீர் டேங்க், பேட்டரி, டின் சாமான் எல்லாம் கேபின் பக்கம், தரையோடு ஒட்டி வையுங்கள். பின் ஏணியில் ஸ்பேர் டயரும் ஜெர்ரி கேனும் மாட்டுவது பார்க்க அழகாக இருக்கலாம், செய்யாதீர்கள்.

ஸ்பிரிங் மாற்றத்தான் வேண்டுமென்றால், கேம்பர் எப்போதுமே வண்டியில் இருக்கும் என்றால், அந்த எடைக்கென்றே செய்த பட்டை செட்டும் அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரும் போடுங்கள். வரம்பு அதனால் கூடாது, ஆனால் வரம்புக்குள் இருக்கும் எடையை வண்டி நிதானமாகச் சுமக்கும்.

கேள்வி: டயர் மாற்ற வேண்டுமா?

பதில்: டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ, 116 என்றால் 1250 கிலோ. இரண்டால் பெருக்கினால் எடை மேடையில் வந்த பின் ஆக்சில் எடையைவிட நன்றாகவே அதிகமாக இருக்க வேண்டும். மாற்றுவதானால் அதே அளவில் லைட் டிரக் வகை எடுங்கள், ஆனால் அதே எடையைச் சுமக்க அதற்குச் சாதாரண டயரைவிட அதிகக் காற்று வேண்டும், பழைய அழுத்தத்திலேயே ஓட்டினால் சூடேறிவிடும். பெரிய டயருக்குப் போக வேண்டாம், கனமான வண்டியில் இழுவையும் பிரேக்கும் இரண்டுமே மந்தமாகும்.

கேள்வி: கேம்பரை லோடு பாடியிலேயே கட்டினால் போதுமா, சேஸிஸில் கட்ட வேண்டுமா?

பதில்: சேஸிஸில். லோடு பாடியின் தகடு மெல்லியது, இழுப்பு விழுந்தால் கொக்கி பிய்த்துக்கொண்டு வரும். லேசான கேம்பர், தயாரித்தவரே பாடியில் கட்டச் சொல்லியிருக்கிறார் என்றால் உள்ளே பெரிய தகடு கொடுத்து போல்ட் போட்டுக் கட்டலாம். அடியில் ரப்பர் விரிப்பு அவசியம், கேம்பர் நகராமல் பிடிப்பது அதுதான். முதல் 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி டர்ன்பக்கிளை (கேம்பரை இழுத்துக் கட்டும் திருகு கம்பி) எல்லாம் திரும்ப முறுக்குங்கள், நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

கேள்வி: வண்டி ஓடும்போதே கேம்பர் பேட்டரி சார்ஜ் ஆக, நேராக ஒரு ஒயர் இழுத்தால் ஆகாதா?

பதில்: இப்போது வரும் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) எரிபொருளை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் நேரடி ஒயரில் பேட்டரி முழுதாக நிறையாது. லித்தியம் என்றால் எதிர்ப் பிரச்சினை, அது மின்சாரத்தை அளவில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கும். நடுவில் டிசி டு டிசி சார்ஜர் (மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பேட்டரிக்கு ஏற்றபடி சீராக்கித் தரும் கருவி) ஒன்று போடுங்கள். ஒயர் தடிமனாக இருக்கட்டும், இரண்டு பேட்டரிப் பக்கமும் ஃபியூஸ் வேண்டும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, குளிர்ப் பிரதேசம் போகிறவர்கள் அதைக் கேம்பருக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.