மால் கோஷ்டியும் புத்தர் கோஷ்டியும்

வணக்கம் சார். காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேந்து பத்து நாள் டிரிப் பிளான் பண்றோம். தாய்லாந்துல பாங்காக், அயுத்தயா, மியான்மர்ல யாங்கூன், அப்புறம் இந்தோனேசியா ஜாவால போரோபுதூர் புத்தர் கோயில். எனக்கு புத்தர் கோயில்களைப் பாக்கணும், ரெண்டு பேருக்கு மால், நைட் மார்க்கெட் போதும். இப்பவே குரூப்ல சண்டை. பேசாம தனியா போயிடலாமா?
அன்புடன், ஒரு வாசகர்

வணக்கம்.

தனியால்லாம் போகாதீங்க, லிஸ்டை வெட்டுங்க. பத்து நாள்ல மூணு நாடுன்னா பாதி நேரம் ஏர்போர்ட்லதான் போகும், சண்டையும் அங்கதான் முத்தும். யாங்கூனை இந்த தடவை விட்ருங்க, 2021-ல ராணுவம் ஆட்சியப் பிடிச்சதுக்கு அப்புறம் அங்க நிலைமையும் சரியில்ல.

மால் கோஷ்டிய குறைச்சு நினைக்காதீங்க. எங்க கூட வந்த ஒருத்தன் பாங்காக் வாட் போ கோயிலுக்கு மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டுத்தான் வந்தான். 46 மீட்டர் நீளத்துக்கு தங்கமா படுத்திருக்காரு புத்தர், நாங்கல்லாம் தலைப்பக்கம் ஃபோட்டோவுக்கு முட்டி மோதிட்டு இருக்கோம், இவன் பின்பக்கம் போயிட்டான். அங்க சுவரோரமா வரிசையா 108 வெண்கலக் கிண்ணம், சில்லறை வாங்கி ஒண்ணொண்ணுலயும் ஒரு காசா போட்டுக்கிட்டே போகணும். இவனுக்கு பாதிலயே காசு தீந்துபோச்சு, திரும்பப் போய் வாங்கிட்டு வந்து விட்ட கிண்ணத்துலேருந்து ஆரம்பிச்சான். அந்த டிங் டிங் சத்தம் ஹால் முழுக்க கேட்டுட்டே இருக்கும். புத்தரோட உள்ளங்கால்ல சிப்பி பதிச்சு 108 சின்னம் இருக்கு, அதையும் அவன்தான் எங்களுக்குக் காட்டினான்.

அயுத்தயா ட்ரெயின்லயே போயிட்டு வந்துடலாம். 1767-ல பர்மா படை அழிச்ச தலைநகரம், தலையில்லாத சிலைங்க வரிசையா உக்காந்திருக்கும். அங்க வாட் மகாதாட் கோயில்ல மரத்து வேருக்குள்ள மாட்டின புத்தர் தலை ஒண்ணு இருக்கு, அதோட ஃபோட்டோ எடுக்கணும்னா நம்ம தலை அதவிட கீழ இருக்கணும், குத்தவச்சுத்தான் ஆகணும். ரீல்ஸ் எடுக்கற ஆளுங்ககிட்ட இத முன்னாடியே சொல்லிடுங்க. ஷார்ட்ஸ் விஷயமும் அப்படித்தான், பாங்காக் அரண்மனைல உள்ள விடவே மாட்டாங்க. வாசல்ல எவனாவது வந்து இன்னைக்கு மூடியிருக்கு, வேற இடம் காட்டுறேன்னா நம்பாதீங்க, ஆட்டோல ஏத்தி நகைக்கடைல கொண்டு விட்ருவான்.

போரோபுதூர்ல மட்டும் நீங்க கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கலாம். எல்லாரும் நேரா உச்சிக்கு ஏறி, ஓட்டை ஓட்டையா இருக்கற அந்த 72 ஸ்தூபிய பாத்துட்டு எறங்கிடுவாங்க. ஆனா விஷயமெல்லாம் கீழ் பிரகாரச் சுவர்லதான், வலமா சுத்திக்கிட்டே போனா புத்தர் கதை சிற்பம் சிற்பமா வரும், நடுவுல கப்பல், சந்தை, ஆட்டம்னு அந்தக் கால ஜாவாவே இருக்கு. அஸ்திவாரத்துலயே 160 சிற்பத்தை கல்லடுக்கி மூடி வச்சிருக்காங்க, தென்கிழக்கு மூலைல மட்டும் கொஞ்சம் திறந்திருக்கும். எல்லாம் செஞ்ச வினைக்கு என்ன பலன்னு சொல்ற காட்சிங்க, கோள் சொல்றவன், குடிக்கறவன்னு. அங்க மால் கோஷ்டிதான் அதிக நேரம் நிப்பாங்க பாருங்க.

மத்தபடி காலைல எல்லாரும் சேந்து கோயில், சாயங்காலம் அவங்கவங்க இஷ்டம், அவ்ளோதான். போரோபுதூர் டிக்கெட்டை மட்டும் முன்னாடியே போட்டுருங்க, மேல ஏற தனி டிக்கெட், ஒரு நாளைக்கு இத்தன பேர்தான்னு கணக்கு வச்சிருக்காங்க. வளாகத்துக்கு மட்டும் எடுத்துட்டு கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு வந்தீங்கன்னா, காலத்துக்கும் உங்கள வச்சு ஓட்டுவாங்க.