கூண்டிலிருந்தே பேசியது ஏன்? – கடிதம்

வணக்கம் ஐயா,

தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசு நாசவேலைக் குற்றம் சாட்டித் தொடுத்த ரிவோனியா வழக்கில் மண்டேலா ஆற்றிய உரை பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு நெருடல். அவரே வழக்கறிஞர். சாட்சிக் கூண்டில் ஏறி, சத்தியப்பிரமாணம் செய்து பேசியிருக்கலாமே? குறுக்கு விசாரணைக்கு அஞ்சிக் குற்றவாளிக் கூண்டிலிருந்தே பேசிவிட்டாரோ?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

குறுக்கு விசாரணைக்கு ஆயத்தமாக வந்திருந்த அரசு வழக்கறிஞர் பெர்சி யூட்டருக்கும் ஏமாற்றம்தான். 1964 ஏப்ரல் 20, பிரிட்டோரியா. மண்டேலா குற்றவாளிக் கூண்டிலிருந்தே பேசப்போகிறார் என்றதும் யூட்டர் எழுந்து, அப்படிப் பேசுவதற்குச் சாட்சியத்தின் மதிப்பு இருக்காது என்று அவரை எச்சரிக்கும்படி நீதிபதியிடம் சொன்னார்.

மண்டேலாவுக்கு அது தெரியாதா என்ன? சாட்சிக் கூண்டில் ஏறினால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில். குற்றவாளிக் கூண்டிலோ எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பதெல்லாம் அவர் கையில். தூக்கு வரை போகக்கூடிய வழக்கு அது (ஜூன் 12 அன்று எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனையோடு நின்றது). அஞ்சியவராக இருந்தால், நாசவேலைக்குத் திட்டமிட்டதை மறுக்கவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லியிருப்பாரா?

ஏறக்குறைய மூன்று மணி நேரப் பேச்சு. நாம் இலட்சியத்துக்காகச் சாகவும் தயார் என்ற கடைசி வாக்கியத்தை மட்டும் போஸ்டரில் போட்டுக்கொள்கிறோம். கல்லூரி விடுதிச் சுவரில் நானும் ஒட்டியிருந்தேன். இப்போது என்னை நிறுத்துவது வேறோர் இடம். எதையாவது தூக்க வேண்டும், துடைக்க வேண்டும் என்றால் வெள்ளைக்காரர் சுற்றுமுற்றும் ஓர் ஆப்பிரிக்கரைத் தேடுவார். அந்த ஆள் தன்னிடம் வேலை பார்ப்பவரா இல்லையா என்பதுகூட அவருக்குப் பொருட்டில்லை என்கிறார் மண்டேலா. இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த டி வெட் என்ற நீதிபதியும் வெள்ளைக்காரர்.

அந்தக் கடைசி வாக்கியத்திலும் ஒரு வழக்கறிஞரின் கை இருக்கிறது. சாகவும் தயார் என்பதற்கு முன் ‘தேவைப்பட்டால்’ என்று சேர்க்கச் சொன்னவர் மண்டேலா தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவரான ஜார்ஜ் பைசோஸ். சாவை வலியக் கூப்பிடுவதுபோல் ஆகிவிடக் கூடாதே என்று.

பேசி முடித்ததும் அரை நிமிடம் போல மன்றத்தில் சத்தமே இல்லை. பிறகு நீதிபதி, அடுத்த சாட்சியைக் கூப்பிடுங்கள் என்றார். மண்டேலாவோடு குற்றம் சாட்டப்பட்டிருந்த வால்டர் சிசுலு சாட்சிக் கூண்டில் ஏறினார். யூட்டரின் கேள்விகளையெல்லாம் நாள்கணக்கில் நின்று வாங்கிக்கொண்டவர் அவர்தான்.