மரக்கப்பல் மாதிரி செய்யும்போது உடலின் இரண்டு பக்கமும் ஒரே வளைவில் வர என்ன வழி? என் கப்பல் ஒரு பக்கம் உப்பியே நிற்கிறது.

ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போயிருப்பீர்கள். பெரும்பாலும் கோணல் அங்கேதான் தொடங்கும். கண்ணளவு இந்த வேலைக்கு உதவாது.

நான் தர்மபுரிக்காரன். கடலே இல்லாத ஊரில் கப்பல் எதற்கு என்பார்கள். ஒகேனக்கல் பரிசலைச் செய்யலாம்தான். அணியம் (முன்முனை), அமரம் (பின்முனை), இடம், வலம் என்ற தொல்லையே அதில் கிடையாது!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரே கட்டையைச் செதுக்காமல் பலகைகளை அடுக்கி ஒட்டுங்கள். வரைபடத்தில் நீர்மட்டக் கோடுகள், அதாவது ஒவ்வொரு உயரத்திலும் கப்பலைக் கிடையாக வெட்டினால் தெரியும் விளிம்புகள், இருக்கும்; ஒவ்வொரு பலகையும் அப்படி ஒரு கோட்டின் வடிவம். 1:100 அளவில் 10 மி.மீ. பலகை என்றால் நிஜக் கப்பலில் ஒரு மீட்டர் உயரம். ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே அறுப்பில் அறுத்து, ஒன்றைத் திருப்பிப் போட்டு நடுவில் ஒட்ட வேண்டும். அந்தப் பசைக்கோடுதான் உங்கள் நடுக்கோடு. எவ்வளவு தேய்த்தாலும் அழியாது.

அடுக்குகளை ஒட்டியதும் படிப்படியாக நிற்கும். ஒவ்வொரு படியின் உள்மூலையில்தான் கப்பலின் உண்மையான மேற்பரப்பு இருக்கிறது. அந்த மூலையைப் பென்சிலால் அழுத்திக் கருப்பாக்கிவிடுங்கள். உளியால் சீவச்சீவ அந்தக் கருப்பு மயிரிழையாக மெலியும். உடனே உளியைக் கீழே வைத்துவிடுங்கள், மிச்சம் உப்புத்தாள் வேலை. சீவுவது எப்போதும் அகன்ற நடுப்பகுதியிலிருந்து முனையை நோக்கித்தான். எதிர்த்துப் போனால் மரச்சிம்பு பெயரும். அமரத்துக்குக் கீழே உள்வாங்கும் இடத்தில் மட்டும் இரு பக்கமிருந்தும் குழியை நோக்கி வரவேண்டும்.

அப்புறம் அச்சு. குறுக்குவெட்டுக் கோடுகளைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அட்டை விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து உடலில் அழுத்தினால், மேடான இடத்தில் மட்டும் வெள்ளை ஒட்டும். அதை மட்டும் எடுங்கள். வலது பக்கம் ஒரு அச்சு பார்த்தால், அதே அட்டையைத் திருப்பி உடனே இடது பக்கமும் பார்த்துவிட வேண்டும்.

மரம் என்றால் என் ஓட்டு குமிழ் மரத்துக்கு. உளிக்கு இணங்கும், காய்ந்தபின் அதிகம் முறுக்காது. தேக்கு உளியின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். நம் பக்கத்தில் மாங்கட்டை மலிவுதான், ஆனால் பூச்சியும் பூஞ்சையும் சுலபமாகப் பிடிக்கும். எடுத்தால் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள்.