செட்டாப் பாக்ஸ் இணைத்த புது டிவியில் ஆட்கள் எல்லாம் குண்டாகத் தெரிகிறார்கள். படத்தைச் சரியான வடிவத்துக்கு எப்படிக் கொண்டுவருவது?

சித்திரைத் தேரோட்டத்தன்று மதுரை செல்லூரில் எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். உள்ளூர் கேபிள் சேனலில், மாசி வீதியில் வந்த தேரின் சக்கரம் படுக்கப்போட்ட கோழிமுட்டை போலத் தெரிந்தது. தேர் சற்று நின்ற நேரத்தில் அம்மாவின் தையல் டேப்பைத் திரையில் வைத்து அளந்தேன். உயரம் 18 செ.மீ., அகலம் 24 செ.மீ. 4:3 படத்தை (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) 16:9 திரை (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) முழுக்க இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். கணக்கு அப்படியே பொருந்தியது.

படக்குழாய் டிவியைத் தூக்கிவிட்டு 43 அங்குல டிவி வாங்கிய நாங்கள் பாக்ஸை மாற்றவில்லை. அதன் செட்டிங்ஸில் டிவியின் வடிவம் 4:3 என்றே இருந்தது. அது கொடுத்த படத்தை டிவி தன் பங்குக்கு இழுத்துப் பரப்பியது. 16:9 ஆக வரும் சேனல்களின் கதி இன்னும் மோசம்: மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் நசுங்கிய முகங்கள்.

வடிவத்தை ஒரே இடத்தில் முடிவு செய்ய வேண்டும். அந்த வேலையைப் பாக்ஸிடமே விடுங்கள். பாக்ஸ் மெனுவில் டிவி வடிவம் 16:9, 4:3 படங்களுக்குப் பில்லர் பாக்ஸ் (இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டு நடுவில் படம்) என்று வையுங்கள். எச்டி பாக்ஸ் என்றால் எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து 1080i என்பதைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் முனை ஏவி கேபிளில் எச்டி வராது. டிவியை 16:9இல் நிறுத்திவிட்டு அதன் ரிமோட்டைத் தொடாதீர்கள்.

பழைய படங்களுக்கு இருபுறமும் கறுப்பு விழும். "கால் பங்கு டிவி சும்மா கிடக்கிறதே" என்று அப்பா வருத்தப்பட்டார். அது பழுதல்ல, அந்தப் படத்தின் அளவே அவ்வளவுதான். சக்கரம் வட்டமாகச் சுற்றுவதைக் காட்டிய பிறகுதான் அவர் மனம் ஆறியது.

கீழே ஓடும் செய்தி வரி பாதி வெட்டுப்பட்டால் அது ஓவர்ஸ்கேன், அதாவது டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுவது. எச்டிஎம்ஐ இணைப்பில் டிவியின் பிக்சர் சைஸ் பகுதியில் ஸ்க்ரீன் ஃபிட் அல்லது ஜஸ்ட் ஸ்கேன் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் முழு வரியும் வந்துவிடும்.

சில சேனல்கள் பழைய படத்தைத் தாங்களே இழுத்து 16:9 ஆக அனுப்புகின்றன. பாக்ஸுக்கு அது தெரிய வழியில்லை. அப்போது மட்டும் டிவி ரிமோட்டில் 4:3 வைத்துப் பாருங்கள். முடிந்ததும் மறக்காமல் 16:9க்குத் திருப்பிவிடுங்கள்.